சுத்தியல் படுவதற்கு முன்: ஜார்ஜ் டவுன் கடைவீட்டைச் சட்டப்படி புதுப்பிக்கும் வழி

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார் தெருவிலோ லெபோ குயின் தெருவிலோ ஒரு கடைவீடு வாரிசாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அல்லது வியாபாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். கூரை ஒழுகுகிறது, மாடிப் பலகை நடந்தால் ஆடுகிறது, முன்சுவரில் காரை உதிர்கிறது. பார்க்க வந்த கண்ட்ராக்டர், "உள்வேலைதானே, பெர்மிட் எல்லாம் வேண்டாம், ரெண்டு வாரத்துல முடிச்சுத் தரேன்" என்கிறார். அந்தப் பேச்சை நம்பி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்த பிறகு அபராதம் கட்டலாம், மன்னிப்புக் கடிதம் எழுதலாம். போன காரை வராது. என்ன செய்யலாம், யாரிடம் கேட்க வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

எந்தச் சட்டம் எதைக் கேட்கிறது

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமானது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150.04 ஹெக்டர், மொத்தம் 259.42 ஹெக்டர். இந்த இரண்டு பகுதிக்குள்ளும் கட்டுப்பாடு உண்டு. "எங்கள் கடை காப்பு வளையத்தில்தான் இருக்கிறது" என்று சொல்லித் தப்ப முடியாது.

யுனெஸ்கோ யார் வீட்டுக்கும் வந்து அபராதம் போடாது. பிடிப்பது நம் நாட்டுச் சட்டங்கள்தான். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, எந்த மேம்பாட்டுக்கும் முன்கூட்டியே திட்ட அனுமதி கேட்கிறது. அலுவலகத்தில் இதைக் 'கெபெனாரான் மெராஞ்சாங்' என்பார்கள், கோப்புகளில் கே.எம். என்றே இருக்கும். 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் கேட்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645, 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவேட்டில் ஏறிய தனிக் கட்டடங்களுக்கும் தளங்களுக்கும் அதுவே நேரடிப் பாதுகாப்பு.

இந்த மூன்றுக்கும் நடுவில், நாள்தோறும் உங்களுக்குத் தேவைப்படப்போவது 'ரன்சாங்கான் கவாசான் காஸ்' என்ற சிறப்புப் பகுதித் திட்டம். சட்டம் 172இன் 16பி பிரிவின்கீழ் தயாராகி, 2016 செப்டம்பர் 1ஆம் தேதி அரசிதழில் வெளியானது. எந்தக் கட்டடம் எந்த வகை, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. கண்ட்ராக்டரின் விலைப்பட்டியலைப் படிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

தண்டனையையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் 172இன் 26ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி மேம்பாட்டு வேலை செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரிங்கிட் வரை மேலும் அபராதம். வேலையைச் செய்தவரையும் செய்ய அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு ஒன்றாகவே பிடிக்கிறது. பிறர் சொல்லித்தான் செய்தேன் என்பது அங்கே பதிலாகாது. அதனால் "கண்ட்ராக்டர்தான் இடித்தார்" என்று உரிமையாளரும், "முதலாளி சொன்னார்" என்று கண்ட்ராக்டரும் ஒருவர்மேல் ஒருவர் போட முடியாது.

"உள்வேலைதானே"

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சட்டம் 172இன் 19ஆவது பிரிவில் உள்வேலைக்கு உண்மையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. கண்ட்ராக்டர் சொல்வது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. கட்டடத்தின் உள்ளே மட்டும் நடக்கும் பராமரிப்புக்கோ மாற்றத்துக்கோ திட்ட அனுமதி தேவையில்லை. ஆனால் ஐந்து நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். பயன்பாடு மாறக்கூடாது. வெளித்தோற்றம் குறிப்பிடத்தக்க அளவு மாறக்கூடாது. உயரமோ தளப்பரப்போ கூடக்கூடாது. வடிகால், கழிவறை ஏற்பாடு, கட்டடத்தின் உறுதி ஆகியவை பாதிக்கப்படக்கூடாது. அந்த இடத்துக்கான திட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடாது.

இப்போது உங்கள் 'உள்வேலை'யை இந்த ஐந்தோடு ஒப்பிடுங்கள். மசாலைக் கடையை உணவகமாக்கினால் பயன்பாடு மாறுகிறது. மாடியில் குளியலறை வைத்தால் கழிவறை ஏற்பாடு மாறுகிறது. வானவெளி முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டுக் கீழே மேசை போட்டால் தளப்பரப்பு கூடுகிறது. மரத்தளத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் கட்டடத்தின் உறுதியே கேள்விக்குள்ளாகிறது. முன் அறைத் தடுப்பை எடுப்பதுகூடச் சிறப்புப் பகுதித் திட்டத்துக்கு முரணாகலாம். மிஞ்சுவது பலகை மெருகூட்டுவது, உடைந்த சன்னல் கொக்கியை மாற்றுவது போன்றவை. அவற்றுக்கும் ஒரு சிறு வேலைப் பெர்மிட் தேவையா என்று மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். வாய்மொழியாக வாங்கிய "ஓகே" அதிகாரி மாறினால் காற்றோடு போய்விடும்.

திட்ட அனுமதி விலக்கு கிடைத்தாலும் சட்டம் 133 தனியாக நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒன்று தேவையில்லை என்றால் மற்றதும் தேவையில்லை என்று பொருளல்ல.

கட்டடத்தின் வகையைக் கண்டுபிடியுங்கள்

நில உரிமைப் பத்திரத்தில், அதாவது கிராண்டில், உள்ள லாட் எண்ணையும் வீட்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு சிறப்புப் பகுதித் திட்டத்தின் வரைபடத்தில் தேடுங்கள். நான்கு விடைகளில் ஒன்று கிடைக்கும். முதல் வகை: தனிச் சிறப்புள்ள கட்டடம், நினைவுச்சின்னங்கள், வழிபாட்டுத் தலங்கள் பலவும் இதில் வரும். இரண்டாம் வகை: காப்பாற்ற எல்லா முயற்சியும் எடுக்க வேண்டிய கட்டடம், கடைவீடுகளில் பெரும்பாலானவை இங்கேதான். மூன்றாவது: வெற்று மனையை நிரப்பும் புதுக் கட்டடம். நான்காவது: பாரம்பரிய மதிப்பில்லாத கட்டடத்தை அகற்றிப் புதிதாகக் கட்டக்கூடிய இடம். கடைசி இரண்டுக்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு; 18 மீட்டருக்குமேல் யோசிக்கவே வேண்டாம், பக்கத்துக் கட்டடம் தாழ்வாக இருந்தால் அதையும் பார்ப்பார்கள்.

வகையோடு கட்டடப் பாணியையும் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த, அலங்காரமில்லாத ஆரம்பகாலப் பினாங்குப் பாணி, தென்சீனக் கலப்புப் பாணி, பூவேலைச் சுதையும் நீள் சன்னல்களும் கொண்ட நீரிணைக் கலப்புப் பாணி, 1930களில் வரத் தொடங்கிய ஆர்ட் டெக்கோ என்று ஒரே வரிசையில் பல இருக்கும். இது அழகுக்காக மட்டும் பார்ப்பதல்ல. ஆர்ட் டெக்கோக் கட்டடத்தின் ஷாங்காய்ப் பூச்சின், அதாவது கல்துகள் கலந்த சிமெண்ட் பூச்சின் மேல் வண்ணம் அடிக்கக் கேட்டால் மறுப்பார்கள். ஆரம்பகாலப் பாணிக் கடைக்குப் பூவேலைச் சுதை வைக்கக் கேட்டாலும் மறுப்பார்கள். அந்தக் கட்டடத்துக்கு என்றும் இல்லாத பழமையை ஒட்டவைப்பதும் ஒரு சேதம்தான்.

கையெழுத்துப் போடப்போவது யார்?

விண்ணப்பங்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கட்டடக்கலை காரணமல்ல, கிராண்டில் உள்ள பெயர்தான். நம் குடும்பங்களில் கடை தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் தமிழ்நாட்டில். உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. முதல் வேலையாக நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் அறிக்கை எடுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் சொத்து நிர்வாகப் பத்திரத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஊரிலிருக்கும் பங்காளிக்காக ஒருவர் கையெழுத்திடுவதானால், பவர் பத்திரம் மலேசிய உயர் நீதிமன்றத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். லெபோ பினாங்கிலுள்ள செட்டியார் கிட்டங்கிகள் போலப் பழைய கூட்டுச் சொத்துகளில் இது அடிக்கடி எழும். வக்ஃப் சொத்தானால் சம்மதம் மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடமிருந்து வர வேண்டும். கடையை நடத்துபவரோ வாடகை வசூலிப்பவரோ கையெழுத்திட்டால் செல்லாது.

வாடகைக்கு எடுப்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், "திட்ட அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் வாடகை தொடங்கும்; கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்" என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அனுமதிக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கும் ஆசை வருகிறது.

அளந்து, படமெடுத்து, பிறகு வரையுங்கள்

பதிவுபெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரை அமர்த்துங்கள். பாரம்பரியக் கட்டட வேலை செய்தவராக இருந்தால் நல்லது. முதல் வகைக் கட்டடமானால், தேசியப் பாரம்பரியத் துறையான ஜபாத்தான் வாரிசான் நெகாராவில் பதிவான பாதுகாப்பு நிபுணரும் உடன் இருக்கட்டும்.

முதலில் இருக்கும் நிலையை அப்படியே அளந்த வரைபடம் வேண்டும்: தளங்கள், முகப்பு, நெடுக்குவெட்டு எல்லாம் 1:100இல், சன்னல், கதவு, சுதை, படிக்கட்டுக் கைப்பிடி ஆகியவை 1:20இல். கடைவீடு முன்பக்கம் 5, 6 மீட்டர்தான் இருக்கும், ஆழமோ 30 மீட்டரைத் தாண்டலாம். சுவர்கள் நேர்கோட்டில் இருக்காது, மூலைகள் செங்கோணமாக இருக்காது. பக்கத்துக் கடையின் வரைபடத்தை எடுத்து எண்ணை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேலையின்போது விட்டம் பொருந்தாமல் சுவரை வெட்ட வேண்டிவரும், அது அனுமதியை மீறிய வேலையாகிவிடும்.

அடுத்தது சேதநிலை அறிக்கை. ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுத்து, நான்கு சுவர், தளம், கூரையடி என வரிசையாகப் படமெடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். பொதுச்சுவர் இரண்டிலும், அப்புறத்து வீட்டுக்காரர் அனுமதித்தால் அவர் பக்கத்திலும் எடுங்கள். பின்னால் "உங்கள் வேலையால்தான் என் சுவர் வெடித்தது" என்ற வழக்கு வந்தால் இதுதான் காப்பு.

பழைய நிறத்தைக் கண்டுபிடிக்க, மழையும் வெயிலும் படாத மூலையில், சன்னல் மேல்விளிம்பின் அடியில், 5 செ.மீ. சதுரத்தில் மெல்லிய கத்தியால் அடுக்கடுக்காகச் சுரண்டிப் படிபோல் விடுங்கள். நீலமோ மஞ்சள் காவியோ அடியில் தெரியும். லெபோ லெய்த்தில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் நீலமும் அவுரி கலந்த சுண்ணாம்புப் பூச்சுதான். இந்தப் படங்களை விண்ணப்பத்தோடு வைத்தால் நிறம் பற்றிய கேள்வி எழாது.

எது பழையது, எது பின்னால் ஒட்டியது என்று வரைபடத்தில் இரண்டு நிறத்தில் காட்டுங்கள். 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000 ஜனவரியோடுதான் அதன் பிடி முழுதும் விலகியது. அந்தக் காலத்தில் ஒரு மாடியில் நாலைந்து குடித்தனங்கள் இருந்தன. ஒட்டுப்பலகைத் தடுப்புகள், தகரச் சமையலறைகள் பலவும் அப்போது வந்தவை. அவற்றை எடுக்கப் பொதுவாகத் தடை இருக்காது. உண்ணும் பறவைக்கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்க அடைக்கப்பட்ட சன்னல்களும் அப்படியே. உலகப் பாரம்பரியப் பகுதியில் அந்தத் தொழிலுக்கு 2013 இறுதியோடு தடை வந்துவிட்டது. அடைப்பைத் திறக்கவும் அனுமதி கேட்க வேண்டும், ஆனால் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள்.

அனுமதியில் வரும் நிபந்தனைகளும் அவற்றின் காரணமும்

காரணம் தெரியாதவர்தான் நிபந்தனையை மீறுவார்; அதனால் சொல்கிறோம்.

சுவர். கடைவீட்டுச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்து ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே ஆவியாகும். சுவர் மூச்சுவிடும் முறை அது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழியில்லை, இன்னும் மேலே ஏறி மாடி விட்டத்தின் முனையை நனைக்கும். முனை உளுக்கும், கரையான் வரும். கடலோர ஊரில் ஈரத்தோடு உப்பும் வரும். சிமெண்டுக்குப் பின்னால் உப்பு படிகமாகி விரியும்போது செங்கல்லின் முகம் மாவாக உதிரும். நீங்கள் வெளியில் பார்ப்பது சில ஆண்டு கழித்து வரும் ஒரு கொப்புளம்தான். அக்ரிலிக் வண்ணமும் இதையே செய்கிறது.

அதனால் சுண்ணாம்புதான் கேட்பார்கள். நீற்றிய சுண்ணாம்பு மூன்று மாதமாவது நீரின் அடியில் ஊறியிருக்கட்டும். ஒரு பங்கு ஊறல் சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத கூர்மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அடுத்த பூச்சுக்கு முன் முதலாவது இறுக வேண்டும். வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சீக்கிரம் காயவைத்தால் மயிரிழை விரிசல் விழும். 'சுண்ணாம்பு சரிப்படாது' என்று கண்ட்ராக்டர் மூட்டைச் சிமெண்டைக் கலக்கத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான். ஏற்கெனவே சிமெண்ட் பூசிய சுவரானால், ஒரு சதுர அடியில் மட்டும் எடுத்துப் பாருங்கள். செங்கல் முகமும் சேர்ந்து பெயர்ந்தால் நிறுத்திவிட்டு ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுங்கள்.

மாடித் தளம். 125 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. 5 மீட்டருக்கு 20 மீட்டர் மாடியானால் 30 டன். மரத்தளத்தின் எடையை மட்டும் சுமந்துவந்த, ஆழமில்லாத அடித்தளம் கொண்ட பொதுச்சுவரில் அதை ஏற்றினால் உங்கள் கடையோடு இரு பக்கத்துக் கடைகளும் ஆபத்தில் விழும். விட்டத்தின் முனை மட்டும் உளுத்திருந்தால் அந்த முனையை வெட்டி, அதே இன மரத்தை, செங்காலோ மெர்பாவோ, சாய்வு இணைப்பில் சேர்த்தால் போதும். விட்டம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

கூரை. பழைய ஓட்டை இறக்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்விரிசல். நல்லவற்றைத் தெருவிலிருந்து தெரியும் சரிவுக்கு வையுங்கள். புதிய ஓடு பின்சரிவுக்குப் போகட்டும். உலோகத் தகடு கேட்டால் கிடைக்காது.

வானவெளி முற்றத்தை மூடக்கூடாது. 30 மீட்டர் ஆழக் கடைக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் அதுதான். மூடிய மறுநாளிலிருந்து நீங்கள் ஏர்கானுக்கு அடிமை. ஏர்கானின் வெளிப்பெட்டியை முகப்பிலோ, அஞ்சடியிலோ (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) தொங்கவிடாமல் பின்புறம் வையுங்கள். அஞ்சடியின் தரையை உயர்த்துவது, புதிய பளிங்குக்கல் பதிப்பது, சரக்கை அடுக்கி வழிமறிப்பது எதுவும் வேண்டாம். அஞ்சடியை மறிப்பது சட்டம் 133இன்கீழ் தனிக் குற்றம். பெயர்ப்பலகைக்கு வேறு உரிமம் இருக்கிறது. சுதையையும் காற்றுத் துளைகளையும் மறைக்காத அளவில் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கட்டடத்தை அதிகம் மாற்றுவது நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொழில். பன்னிரண்டு அறைத் தங்கும் விடுதி என்றால் பன்னிரண்டு கழிவறைக் குழாய் மரத்தளத்தைத் துளைக்கும், தீயணைப்புத் துறை இரண்டாவது வெளியேறு வழியையும் தீத்தடுப்புச் சுவரையும் கேட்கும். துணிக்கடை, அலுவலகம், கீழே கடை மேலே வீடு என்றால் பாதி மாற்றங்கள் தேவையே இல்லை. கட்டடம் தாங்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்தவருக்கு அனுமதியும் எளிது, செலவும் குறைவு.

கோப்பு போகும் பாதை

முழு விண்ணப்பத்தைத் தருவதற்கு முன், பினாங்கு மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவோடும் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தோடும் ஓர் ஆலோசனைச் சந்திப்பு கேளுங்கள். பின்னதன் அலுவலகம் லெபோ ஆச்சேயில் இருக்கிறது. முதல்நிலை வரைபடமும் படங்களும் போதும். அந்த மேசையில் ஒரு கோட்டை அழிப்பது எளிது; ஒப்புதலுக்குப் போன பிறகு அதையே திருத்தினால் மறுசமர்ப்பணம்.

பிறகு ஆர்க்கிடெக்ட் ஓ.எஸ்.சி. எனும் ஒரே முகப்பு மையத்தின் வழியாகச் சமர்ப்பிப்பார். அங்கிருந்து தீயணைப்பு, கழிவுநீர் போன்ற துறைகளுக்கும், பாரம்பரிய விண்ணப்பங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப ஆய்வுக் குழுவுக்கும் பிரதிகள் போகும். குழு கேள்வி எழுப்பினால், கேட்ட கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் சொல்லுங்கள். நீண்ட விளக்கக் கடிதம் பயன்படாது.

மறுத்தாலோ ஏற்க முடியாத நிபந்தனை போட்டாலோ, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். கடித உறையில் வந்த தேதியைக் குறித்துவையுங்கள். அனுமதி கிடைத்தாலும் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். பணம் திரட்டத் தாமதமானால் முன்கூட்டியே நீட்டிப்புக் கேளுங்கள்.

வேலை நடக்கும்போது அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதி தளத்திலேயே இருக்கட்டும். கண்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: அனுமதி வரைபடத்தில் இல்லாத எதையும் ஆர்க்கிடெக்டின் எழுத்து இல்லாமல் இடிக்கக்கூடாது, எடுத்த ஓடு, பலகை, கதவு எதையும் வெளியே விற்கக்கூடாது. பழைய செங்கால் பலகைக்கும் தரை ஓட்டுக்கும் நல்ல விலை இருப்பதால் இரண்டாவது வரி அவசியம். சுவருக்குள் எதிர்பாராத வளைவோ அடைத்த கதவோ தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தி, படமெடுத்து, மாநகர் மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

கோயில் திருப்பணி

லெபோ குயின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1833இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். லெபோ சூலியா முனையிலுள்ள நாகூர் தர்கா, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் மையப் பகுதியிலேயே இருக்கின்றன. வழிபாட்டுத் தலம் என்பதால் விலக்கு இல்லை.

கோயில் நிர்வாகங்கள் செய்யும் தவறு நாள் குறிப்பதில்தான். கும்பாபிஷேகத் தேதி முதலில் முடிவாகிறது, அழைப்பிதழ் அச்சாகிறது, ஸ்தபதிகள் ஊரிலிருந்து வருகிறார்கள், திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்தையும் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அனுமதி நினைவுக்கு வருகிறது. பாலாலயம் ஆன பிறகு வேலையைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வராது, அதனால் காகிதம் இல்லாமலே தொடங்கிவிடும். வரிசையைத் திருப்புங்கள். சேதநிலை அறிக்கை, வரைபடம், அனுமதி, பிறகு பாலாலயம், அதற்குப் பிறகே தேதி. கும்பாபிஷேகத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே கோப்பைத் திறந்தால் நிதானமாக முடியும்.

கோபுரத்தின் பழைய சுதை சுண்ணாம்பானால் அதன்மேல் எனாமல் வண்ணம் வேண்டாம். சுவருக்குச் சொன்ன காரணமே இங்கும். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் விரல்களும் மூக்கும் போய்விடும், மென்தூரிகைதான். பழுதான சுதையை முழுதாக உடைத்துப் புதிதாகச் செய்வதற்குப் பதில் உடைந்த பாகத்தை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னும் பின்னும் படம் இருக்கட்டும். முன்புறம் நிரந்தரத் தகரப் பந்தல், எஃகுக் கைப்பிடி, தரைக்குப் புதிய ஓடு என்று நன்கொடையாளர் கொடுக்க முன்வந்தால், ஏற்பதற்கு முன் விண்ணப்பத்தில் சேருங்கள். காணிக்கை என்பதால் சட்டம் விலகாது.

கோலாலம்பூரில் இருப்பவருக்கு

ஜாலான் துன் எச்.எஸ். லீ, லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியா பகுதிகளுக்குச் சட்டம் 172 இல்லை. கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1982ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம், சட்டம் 267 பொருந்தும். கோலாலம்பூர் மாநகராட்சியான டி.பி.கே.எல். தரும் மேம்பாட்டு ஆணையைத்தான் கேட்க வேண்டும். அங்கே உலகப் பாரம்பரியப் பட்டியல் என்ற கவசம் கிடையாது; கட்டடம் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. ஜாலான் அம்பாங்கில் 1929இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. சட்டம் 645 அப்போது ஒன்பது மாதமாக நடப்பில் இருந்தது. ஆகவே ஒரு கட்டடம் உங்களுக்கு முக்கியமென்றால், விற்பனைப் பலகை தொங்குவதற்கு முன் செயல்படுங்கள். தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி அமைச்சருக்கு யாரும் முன்மொழியலாம். உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. கட்டிய ஆண்டு, கட்டியவர், யார் எதற்குப் பயன்படுத்தினார்கள், பழைய படங்கள், இன்றைய நிலை என்று ஆதாரத்தோடு அனுப்புங்கள். உடனடி ஆபத்து இருந்தால், சட்டம் 645இன் 33ஆவது பிரிவின்கீழ் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்டுப் பாரம்பரிய ஆணையருக்கு எழுதுங்கள்.

பக்கத்தில் யாரோ இடிக்கிறார்கள் என்றால்

வார இறுதியும் பெருநாள் விடுமுறையும்தான் கள்ளத்தனமாக இடிக்க ஏற்ற நேரம். பினாங்கின் ஜாலான் சுல்தான் அகமது ஷாவிலிருந்த ஹோட்டல் மெட்ரோபோல் 1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இடிக்கப்பட்டது. அதனால் திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திராதீர்கள்.

தளத்துக்குள் நுழையாதீர்கள், வேலையாட்களோடு சண்டை வேண்டாம். தெருவிலிருந்து, வீட்டு எண்ணும் அஞ்சடியும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி படமெடுங்கள். லாரியில் ஏறும் மரம், ஓடு, கதவு ஆகியவற்றையும் லாரி எண்ணோடு எடுங்கள். வாசலில் அனுமதி எண்ணுள்ள அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் எடுங்கள். மாநகர் மன்றத்தின் புகார் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துக்கும், 1986 முதல் இயங்கும் பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளைக்கும் பிரதி வையுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் எழுத்தில் மறுபடி அனுப்புங்கள்; புகார் எண் கேட்டு வாங்குங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: முகவரி, தேதி, மணி, என்ன இடிக்கப்படுகிறது, அனுமதி எண் கண்டீர்களா. "அனுமதி இருக்கிறதா, இருந்தால் அதில் இந்த இடிப்பு அடங்குமா, இல்லையென்றால் வேலையை நிறுத்த ஆணையிடுங்கள்" என்ற ஒரே வேண்டுகோள் போதும்.

பொதுச்சுவர் உங்களுடையதுமானால், மறுபுறத்து விட்டத்தை உருவியதும் உங்கள் பக்கச் சுவர் தாங்கலை இழக்கும். அன்றே விரிசல்களின் குறுக்கே தேதியெழுதிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது, பொறியாளரைக் கூட்டிவருவதற்கு அதற்குமேல் காத்திருக்கக் கூடாது.